வெளியுறவுத்துறையின் கொல்லைவாசல்

என் சித்தப்பாவின் உடல் ஊர் வந்து சேர 26 நாள் ஆனது. 2011-ல் நடந்தது. வளைகுடாவில் எந்த நாடு என்பது இப்போது வேண்டாம். கட்டட வேலைக்குப் போனவர், ராத்திரி படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. அந்த 26 நாளில்தான் இந்திய வெளியுறவு அமைச்சகம் என்று ஒன்று இருப்பதே எங்கள் வீட்டுக்கு உறைத்தது. அதுவரைக்கும் அது டிவியில் கோட்டு போட்டவர்கள் கைகுலுக்கிக்கொள்ளும் இடம்.

வாரிசுகளின் சம்மதக் கடிதம், அங்கத்திய போலீஸ் அறிக்கை, இறப்புச் சான்று, கம்பெனி கணக்கு முடித்த தாள், தூதரகத்தின் தடையில்லாச் சான்று, ரத்து செய்யப்பட்ட பாஸ்போர்ட். ஒன்று கையில் வந்தால்தான் அடுத்ததைக் கேட்கவே முடியும். தூதரகத்தில் போனை எடுத்தவர் பாதி மலையாளம் பாதி தமிழில் பொறுமையாகத்தான் பேசினார், குறை சொல்ல மாட்டேன். இழுத்தடித்தது கம்பெனிக்காரன்.

இப்போது இதை எழுதக் காரணம், போன வாரம் நண்பர் ஒருவரோடு நடந்த வாக்குவாதம். படித்தவர், உலக அரசியல் விரல்நுனியில் வைத்திருப்பவர். "வெளியுறவுன்னா ராஜதந்திரம். பாஸ்போர்ட் குடுக்குறது, பொணம் அனுப்புறதெல்லாம் குமாஸ்தா வேலை" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவருக்கு அங்கேயே பதில் சொல்ல வரவில்லை, எனக்கு எப்போதும் வீட்டுக்கு வந்த பிறகுதான் வரும். அதனால் இங்கே.

அவர் சொல்வது இந்தத் துறையின் பாதி வரலாறு. அந்தப் பாதி 1783 செப்டம்பர் 13-ல் கல்கத்தா வில்லியம் கோட்டையில் ஆரம்பிக்கிறது. கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் நிர்வாகத்தின் சுமையைக் குறைக்க, கிழக்கிந்தியக் கம்பெனியின் "இரகசிய, அரசியல் காரியங்களை" பார்த்துக்கொள்ள ஒரு தனித் துறை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். 1843-ல் கவர்னர் ஜெனரல் எல்லன்பரோ அரசாங்கத்தை அயல், உள்நாடு, நிதி, ராணுவம் என்று நான்கு துறைகளாகப் பிரித்தபோது அதற்கு ஒழுங்கான உருவம் கிடைத்தது. அயல் என்றால் கடல் தாண்டி என்று நினைக்க வேண்டாம். அன்றைக்கு மைசூரும் ஐதராபாத்தும்கூட அயல்தான். சமஸ்தானத்து ராஜாக்களை மேய்ப்பது, ஆப்கான் எல்லையைக் கவனிப்பது, பாரசீக வளைகுடா ஷேக்குகளோடு ஒப்பந்தம் போடுவது எல்லாம் ஒரே துறையின் பொறுப்பு. 1937-ல்தான் சமஸ்தானங்களுக்கு ஒரு துறை, வெளிவிவகாரத்துக்கு ஒரு துறை என்று பிரித்தார்கள்.

ஆமாம், வளைகுடா. ஈரான் கரையில் புஷையரிலும், 1946 முதல் பஹ்ரைனிலும் உட்கார்ந்திருந்த பிரிட்டிஷ் ரெசிடென்ட் (வளைகுடாவுக்கான அரசுப் பிரதிநிதி) 1947 வரைக்கும் இந்திய அரசாங்கத்துக்குத்தான் கட்டுப்பட்டவர். அந்தக் கடற்கரையில் 1960-கள் வரை இந்திய ரூபாய் செல்லுபடியானது, அதற்கென்றே 1959-ல் ரிசர்வ் வங்கி தனி நோட்டும் அடித்தது. சித்தப்பா மூட்டை சுமந்த கரைக்கு ஒரு காலத்தில் ஃபைல் போட்டது டெல்லி என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இது முன்வாசல். இந்த வீட்டுக்குக் கொல்லைவாசல் ஒன்றும் உண்டு, நண்பர் பார்க்காதது.

ஃபிஜி, மொரீஷியஸ், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் என்று ஒப்பந்தக்கூலிகளாக ஜனங்களைக் கப்பலேற்றிய காலத்தில், அவர்கள் போன இடத்தில் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பது அயல்துறையின் வேலையாக இல்லை. அந்த முறையை ஒழிக்க 1912-ல் காங்கிரஸ் தலைவர் கோகலே சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து தோற்றார். 1917-ல்தான் ஆள் எடுப்பது நின்றது. 1922-ல் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. தோட்டத் தொழிலாளர் நலனைப் பார்க்க கண்டியில் ஒரு ஏஜென்ட், கோலாலம்பூரில் ஒரு ஏஜென்ட் என்று இந்திய அரசாங்கம் நியமித்தது. அவர்கள் பார்க்கப் போனதில் பெரும்பகுதி நம் ஜனங்கள், தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி கூட்டிப்போனவர்கள். இந்த ஏஜென்ட்டுகள் எந்தத் துறையின் கீழ் இருந்தார்கள் தெரியுமா? கல்வி, சுகாதாரம், நிலம் ஆகிய மூன்றையும் பார்த்த துறையின் கீழ். கூலிக்காரன் விவகாரம் ராஜதந்திரத்தில் சேராது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்கள். நண்பரின் கருத்துக்கு நூறு வயது.

1927-ல் தென்னாப்பிரிக்காவுக்கு முதல் ஏஜென்ட்டாகப் போனவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தவர், ஆங்கிலப் பேச்சுக்குப் பேர்போனவர். அவருடைய மிதவாத அரசியலில் எனக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனால் அங்கே போய் அவர் கையில் எடுத்த காரியங்களில் ஒன்று, டர்பனில் இந்தியப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி. சாஸ்திரி கல்லூரி என்று அவர் பெயரிலேயே 1929-ல் திறந்தார்கள். தூதர் என்ற பட்டம்கூட இல்லாத ஒரு வாத்தியார் செய்த வேலை. இதைக் குமாஸ்தா வேலை என்பீர்களா?

1941-ல் இந்த ஏஜென்ட்டுகளைப் பார்த்துக்கொண்ட பிரிவு கடல்கடந்த இந்தியர் துறையாகத் தனியே நின்றது, 1944-ல் காமன்வெல்த் உறவுத் துறை என்று பெயர் மாறியது. 1947-ல் அதையும் வெளிவிவகாரத் துறையையும் சேர்த்து ஒன்றாக்கினார்கள். இன்றைய வெளியுறவு அமைச்சகம் அந்தச் சேர்க்கையில் வந்தது. முந்தைய ஆண்டு அக்டோபர் 9-ல்தான் ஐ.எஃப்.எஸ். என்கிற இந்திய வெளியுறவுப் பணிக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருந்தது. அப்புறம் 1964 வரை நேருவே பிரதமர், நேருவே வெளியுறவு அமைச்சர். பாண்டுங் மாநாடு, அணிசேராமை, சீனா. அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். பெயரில் இருந்த காமன்வெல்த் சீக்கிரமே உதிர்ந்தது. அதோடு கொல்லைவாசலையும் சாத்திவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

சாத்தியதற்குச் சாட்சி 1964 அக்டோபர் 30. சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் (சிறிமாவோ இலங்கைப் பிரதமர்; இவர் வேறு சாஸ்திரி, நம் பிரதமர் லால் பகதூர்). இலங்கை மலையகத்தில் நாடற்றவர்களாக நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 1974-ல் அப்புறம் பார்த்தார்கள்: நாட்டுக்கு 75,000 பேர். சந்தையில் மாட்டைப் பங்கு பிரிப்பவன்கூட மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். இங்கே மலையகத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் எதிர்த்துக் குரல் கொடுத்தும், அந்த ஜனங்களிடம் யாரும் விருப்பம் கேட்டுவிட்டு ஒப்பந்தம் எழுதவில்லை. எந்தக் கண்டியில் ஏஜென்ட் உட்கார்ந்து இவர்கள் கூலியையும் லய வீடுகளையும் பற்றி அறிக்கை எழுதினாரோ, அதே ஜனங்கள் நாற்பது வருஷத்தில் அண்டை நாட்டோடு நல்லுறவுக்கான சில்லறையாக மாறிவிட்டார்கள். அப்படி வந்து இறங்கியவர்கள் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் தேயிலை பறித்துக்கொண்டு இருந்தார்கள், அவர்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இரண்டு வாசலும் சேர்ந்து திறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1990 ஆகஸ்டில் சதாம் குவைத்துக்குள் புகுந்தபோது அங்கே மாட்டிக்கொண்டவர்களில் சுமார் 1,70,000 இந்தியர்களை ஜோர்டானின் அம்மான் வழியாக விமானத்தில் கொண்டுவந்தார்கள். கிட்டத்தட்ட இரண்டு மாதம், ஐந்நூறை ஒட்டிய விமானப் பயணங்கள். வெளியுறவு அமைச்சர் குஜ்ரால் பாக்தாத் போய் சதாமைக் கட்டிப்பிடித்த படத்துக்கு உலகமே திட்டியது. திட்டட்டும். அந்தக் கட்டிப்பிடிப்பு அழகான ராஜதந்திரம் இல்லைதான், ஆனால் பஸ் பஸ்ஸாகப் பாலைவனம் கடந்து ஜனங்கள் வீடு வந்தார்கள். எங்கள் ஊருக்கே நாலு பேர் வந்தார்கள்.

ஆட்கள் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். இத்தனை பெரிய நாட்டுக்கு ஐ.எஃப்.எஸ். அதிகாரிகள் சுமார் ஆயிரம் பேர். 2023-24 பட்ஜெட்டில் இந்த அமைச்சகத்துக்கு 18,050 கோடி, மொத்தச் செலவில் அரை சதவீதம்கூட இல்லை. அதிலும் நல்ல பங்கு பூட்டான் போன்ற நாடுகளுக்கு உதவியாகப் போகிறது. ஒரு தூதரகத்தில் தொழிலாளர் பிரச்சினைக்கென்று உட்காரும் ஆட்களை விரல்விட்டு எண்ணலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் ஆள் பற்றாக்குறையைக் காரணம் சொல்ல முடியாது. 2018 ஜனவரியில் வந்த யோசனை நினைவிருக்கிறதா? ஈசிஆர் பிரிவினருக்கு மட்டும் ஆரஞ்சு நிற பாஸ்போர்ட்.

சென்னைக்காரர்களுக்கு ஈசிஆர் என்றால் கடற்கரைச் சாலை, பங்களா. எங்கள் அறந்தாங்கிப் பக்கம் அது பாஸ்போர்ட்டில் விழும் முத்திரை, குடிபெயர்வுச் சோதனை தேவை (Emigration Check Required) என்று. பத்தாவது தேறாதவர் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும், 1983 சட்டப்படி. ஏமாற்றப்படாமல் காக்கத்தான் அந்த ஏற்பாடு, நல்ல எண்ணம்தான். ஆனால் படிக்காதவனை விமான நிலையத்து வரிசையில் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும்படி நிறம் அடிக்கலாம் என்று தோன்றியது எந்த எண்ணத்தில்? எதிர்ப்பு வந்ததும் அந்த மாதக் கடைசியிலேயே கைவிட்டார்கள். கைவிட்டது சரி. தோன்றியதே?

இந்த ஜனங்களின் விவகாரம் தொழிலாளர் அமைச்சகத்தில் கொஞ்ச காலம், 2004 முதல் வெளிநாடுவாழ் இந்தியருக்கென்று தனி அமைச்சகத்தில் கொஞ்ச காலம் என்று சுற்றிவிட்டு, 2016-ல்தான் வெளியுறவோடு மறுபடி சேர்ந்தது. 1947-ல் சேர்த்ததை நடுவில் எங்கேயோ தொலைத்துவிட்டு எழுபது வருஷம் கழித்துக் கண்டுபிடித்த மாதிரி. இப்போது ஆன்லைனில் புகார் கொடுக்கலாம், தூதரகங்களில் நல நிதி இருக்கிறது. முன்னைக்குத் தேவலை என்று போய்வருபவர்களே சொல்கிறார்கள்.

சித்தப்பாவின் பாஸ்போர்ட் உடலோடு வந்தது. மூலை வெட்டி, ரத்து முத்திரை போட்டு. சித்தி அதை ரேஷன் கார்டோடு பீரோவில் வைத்திருக்கிறார். குடியரசுத் தலைவர் பெயரால், இதை வைத்திருப்பவரைத் தடையில்லாமல் போகவிடுங்கள், தேவையான எல்லா உதவியும் பாதுகாப்பும் கொடுங்கள் என்று உள்ளே இங்கிலீஷிலும் இந்தியிலும் அச்சடித்திருக்கும். சித்திக்கு இரண்டும் படிக்கத் தெரியாது, ஒருநாள் நான்தான் வாசித்துச் சொன்னேன். "இம்புட்டு எழுதியிருக்கா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

சித்தியின் மகன் இப்போது அதே பக்கம் வேலைக்குப் போகிறேன் என்று நிற்கிறான். பத்தாவதில் கணக்கு போய்விட்டது. திருச்சி பாஸ்போர்ட் ஆபீஸுக்கு விண்ணப்பிப்பதற்கு முன்னால் அதை எழுதித் தேறு என்று சித்தி பிடித்த பிடியில் நிற்கிறார். தனித்தேர்வுக்குப் பணம் கட்டியாகிவிட்டது.