லிச்டென்ஸ்டைன்: அரண்மனைக்கு டிக்கெட் கிடையாது

“லிச்டென்ஸ்டைனுக்குத் தனி விசா வேண்டும், எல்லையில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவார்கள், தலைநகர் வாடுஸில் இருக்கும் அரண்மனையைச் சுற்றிப் பார்த்தால் நாடே முடிந்தது” என்று, சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவே இருக்கும் இந்தக் குட்டி நாட்டைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். மூன்றுமே தவறு.

2011 டிசம்பரிலிருந்து அந்த நாடு ஷெங்கனில், அதாவது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் வட்டத்தில், இருக்கிறது. ஷெங்கன் விசா போதும். சுவிஸ் பக்கம் சார்கான்ஸில் பஸ் ஏறினால் எல்லை தாண்டியதே தெரியாது. யாரும் நிறுத்த மாட்டார்கள். அந்த முத்திரை, வாடுஸ் சுற்றுலா மையத்தில் காசு கொடுத்துக் குத்திக்கொள்ளும் நினைவுச்சின்னம், அவ்வளவுதான்.

அரண்மனைக்கு டிக்கெட்டே கிடையாது. மன்னர் குடும்பம் இன்றும் குடியிருக்கும் வீடு அது. வெளியிலிருந்து படம் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டியதுதான். கோட்டை பார்த்தே ஆகவேண்டும் என்றால் தெற்கே பால்செர்ஸில் குட்டன்பெர்க் கோட்டை இருக்கிறது, போய்வாருங்கள்.

“நாடே முடிந்தது” என்பதுதான் எனக்கு ஆற்றாமை. டூர் பஸ்ஸில் வந்து ஒரு மணி நேரம் இறங்கி நின்றால் அப்படித்தான் தோன்றும். நாடு 160 சதுர கிலோமீட்டர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதிக்கு மேல் மலை! 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் மால்பூனுக்கு வாடுஸிலிருந்தே பஸ் போகிறது; குளிர்காலத்தில் பனிச்சறுக்கு, கோடையில் மலைநடை. 2019இல், நாட்டின் 300ஆம் ஆண்டையொட்டி, 11 ஊராட்சிகளையும் தொட்டுச் செல்லும் 75 கிலோமீட்டர் நடைபாதையைத் திறந்தார்கள். அதை அரை நாளில் யார் நடப்பது?

செலவு மட்டும் சுவிஸ் விலைதான். நாணயமும் சுவிஸ் ஃபிராங்க்தான்.