மே மாதத்துப் பனி முதலாளி கையில்

பனி கொட்டினால் சீசன் நீளும், பொய்த்தால் சுருங்கும். பனிச்சறுக்கு விளையாடும் ஸ்கீ ரிசார்ட் என்றால் இவ்வளவுதான் என்று நானும் நினைத்திருந்தேன்.

கலிஃபோர்னியாவின் மம்மத் மலைக்கு அது ஓரளவு சரி. 2022-23 குளிர்காலத்தில் அங்கே அடிவாரத்து மெயின் லாட்ஜிலேயே 715 அங்குலம், அதாவது ஏறக்குறைய 60 அடி பனி. ஆகஸ்ட் 6 வரை சறுக்கினார்கள்.

ஆனால் அமெரிக்காவின் வடகிழக்கில் இருக்கும் வெர்மான்ட்டின் கில்லிங்டன் மலையைப் பாருங்கள். வருடத்துக்குச் சராசரியாக 250 அங்குலம்தான். ஏப்ரலிலேயே மழை பெய்து கரைக்கும் ஊர். அப்படியும் அங்கே ஜூன் வரை சறுக்கிய வருடங்கள் உண்டு. ரகசியம், 'சூப்பர்ஸ்டார்' என்கிற ஒற்றைச் சரிவு. குளிர் கடுமையாக இருக்கும் இரவுகளில் தண்ணீரையும் அழுத்தக் காற்றையும் பீய்ச்சி, அந்தச் சரிவில் மட்டும் பனியை மலைபோலக் குவித்துவிடுவார்கள். மே மாதத்தில் சுற்றிலும் மரங்கள் பச்சைப்பசேல் என்று நிற்க, நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை! ஆக, மே மாதத்துப் பனி என்பது ஜனவரியில் கட்டிய கரண்ட் பில். அதைக் கட்டலாமா வேண்டாமா என்பது வானத்தின் முடிவு இல்லை.

2007இல் அந்த மலை, ஸ்கீ ரிசார்ட்டுகளை நடத்தும் பவ்டர் நிறுவனத்தின் கைக்குப் போனது. புது நிர்வாகம் சீசனைக் குறைத்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். மலை அதேதான், வானமும் அதேதான். வேடிக்கை என்னவென்றால், பின்னாளில் அதே நிறுவனம்தான் நீண்ட சீசனைத் திரும்பக் கொண்டுவந்து பெருமையும் அடித்துக்கொண்டது. 2024இல் உள்ளூர்க்காரர்களும், சீசன் முழுக்கச் சறுக்கப் பாஸ் வாங்கியவர்களும் அடங்கிய முதலீட்டாளர் குழு ஒன்று அதை வாங்கிவிட்டது.

முதலாளியின் கணக்கும் எனக்குப் புரிகிறது. சீசன் பாஸ் காசு பனி விழும் முன்பே கல்லாவுக்கு வந்துவிடும். மே மாதம் வருகிறவர் பெரும்பாலும் பாஸ் வைத்திருப்பவர். சறுக்குபவர்களை மலை மேலே கொண்டுபோகும் லிஃப்ட் ஓடும் ஒவ்வொரு நாளும் செலவு. போதாக்குறைக்கு, தன் வீட்டு வாசலில் புல் முளைத்ததுமே பாதிப் பேர் சைக்கிளைத் தூக்கிவிடுகிறார்கள். காலி லிஃப்டை யாருக்காக ஓட்டுவது?

அது சரி. ஆனால் பாஸ் விற்கும்போதே மூடும் தேதியையும் எழுத்தில் கொடுங்கள். பனி பொய்த்தால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. சரிவில் பனி கிடக்க லிஃப்ட் மட்டும் நின்றால், மீதி நாளுக்கான காசைத் திருப்பிக் கொடுங்கள்.