மூச்சுப் பயிற்சியும் தார்ப்பாயும்

நாகை, திருவாரூர் பக்கம் இளைஞர்களோடு வேலை செய்கிறேன் என்றால், "கபடிப் போட்டி நடத்துவீங்களா, தலைமைப்பண்பு முகாமா?" என்றுதான் கேட்கிறார்கள். அதுவும் நடத்துகிறோம். டிகிரி முடித்துவிட்டு, வேறு வேலை கிடைக்கும்வரை பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் பாடம் எடுக்கலாம் என்று வந்தவன்தான் நான். கஜா புயல்தான் என்னை இங்கேயே இருக்க வைத்தது.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. அடுத்த சில வாரங்கள் எங்கெங்கிருந்தோ உதவிக்கு ஆட்கள் வந்தார்கள், மனநல ஆலோசகர்கள் உட்பட. ஒரு தெருவில் பெண்களை வட்டமாக உட்கார வைத்து மூச்சுப் பயிற்சி நடந்தது. பாதியில் ஒரு அக்கா கண்ணைத் திறந்து, "இழுத்து இழுத்து வுடுறோம் தம்பி, தார்ப்பாய் எப்ப வரும்?" என்றார். தெருவே சிரித்தது. ஆலோசகரும் சிரித்தார், பாவம், நல்ல மனிதர்.

அந்த அக்கா வீட்டுக்காரர் தேங்காய் உரிக்கப் போகிறவர். விழுந்த தென்னைக்கு மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அது மரத்துக்குச் சொந்தக்காரருக்கு. அந்த மரத்தை நம்பி கூலிக்குப் போனவருக்குப் போன வேலைநாளை எழுத நான் பார்த்த எந்தப் படிவத்திலும் இடம் இல்லை. அவர்கள் குடியிருந்த இடத்துக்குப் பட்டாவும் இல்லை. இப்படி இருக்கிறவருக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை என்றால், அதை வெறும் மனப்பதற்றம் என்று எழுதிவிட்டுப் போக எனக்குக் கை வரவில்லை.

இதைச் சொன்னால் இயக்கத் தோழர்களுக்கு ஒரே குஷி. "அதைத்தானே சொல்றோம், கூலியும் நிலமும் கிடைச்சா மனசு தானா சரியாகும்" என்பார்கள். அங்கேதான் எனக்கும் அவர்களுக்கும் சண்டை.

வெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1968 டிசம்பர் 25 ராத்திரி, கூலி உயர்வு கேட்ட ஊரில் தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை மிராசுதார்களின் ஆட்கள் குடிசையோடு எரித்தார்கள். உயர் நீதிமன்றத்தில் மிராசுதார்கள் விடுதலையானார்கள். அதற்கு முன்பே விவசாயக் கூலிச் சட்டம் வந்துவிட்டது. காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் ஜெகந்நாதனும் 1981-இல் உழுபவருக்கு நிலம் கிடைக்க லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலக்காரர்களிடம் பேசி நிலம் வாங்கி, தலித் குடும்பங்களுக்கு, அதுவும் பெண்கள் பெயரில் எழுதிக் கொடுத்தார்கள். டெல்டாவில் நடந்த மிகப் பெரிய மருத்துவம் அதுதான் என்பேன். ஆனாலும் ஒவ்வொரு டிசம்பர் 25-ம் நினைவிடத்துக்கு அத்தனை கூட்டம் வருகிறதே, ஏன்? சேர்ந்து அழவும் கோஷம் போடவும் ஒரு இடம் வேண்டியிருக்கிறது. பத்திரம் கைக்கு வந்தபிறகும் துக்கம் இருக்கத்தான் செய்யும்.

எங்கள் பையன்கள் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டு, பொங்கலுக்கு வந்தால் சாராயக் கடையே கதி என்று கிடக்கிறார்கள். குடிக்காதே என்று வகுப்பெடுத்து ஒருவனும் நிறுத்தியதை நான் பார்த்ததில்லை. வாய்க்கால் மதகில் உட்கார்ந்து, அங்கே மேஸ்திரி என்ன பேசினான், இங்கே டீக்கடையில் யார் என்ன சொன்னான் என்று அவனே ஆரம்பிக்கும்வரை சும்மா இருக்கவேண்டும். அப்புறம் சிலரிடம் 14416-க்குப் பேசச் சொல்கிறேன், டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது. சிலரோடு சம்பளப் பாக்கிக்கு அலைகிறேன். பல பேருக்கு இரண்டும் ஒரே வாரத்தில் தேவைப்படுகிறது.

நிதி கொடுக்கிறவர்களுக்குத்தான் இது புரிவதில்லை. அறிக்கையில் 'உளவியல் ஆதரவு' ஒரு பக்கம், 'உரிமைகள்' இன்னொரு பக்கம், இரண்டுக்கும் தனித்தனி ஆள், தனித்தனி பட்ஜெட். பட்டா மனுவோடு ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸ் வாசலில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்ததை எதில் எழுதுவது? நான் உளவியல் ஆதரவில்தான் எழுதுகிறேன். கேட்டால் விளக்கம் சொல்லிக்கொள்ளலாம்.