டீசி கேபிளும் நம்ம மலைத் தண்ணீரும்

இந்தியாவிலிருந்து இலங்கைக்குக் கடலுக்கடியில் டீசி (ஒரே திசையில் ஓடும் கரண்ட்) லைன் வந்தால் யூனிட் என்ன விலை என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். ஏசியை டீசியாகவும் டீசியை ஏசியாகவும் மாற்ற எந்த வகைக் கன்வேர்ட்டர், எத்தனை கேபிள் என்று கேட்க ஆளில்லை.

இரண்டு பக்கமும் 50 ஹெர்ட்ஸ்தானே, ஏசியிலேயே இழுத்தால் என்ன என்பவர்களுக்கு ஒரு கணக்கு. கடல் கேபிள் என்பது நீளமான கெப்பாசிட்டர், அதாவது மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் பாத்திரம். 220 கிலோவோல்ட்டில், கிலோமீட்டருக்கு 0.2 மைக்ரோஃபாரட் என்று வைத்தால், அதை நிரப்பிக் காலியாக்கவே கிலோமீட்டருக்கு 8 ஆம்பியர் வேண்டும். 100 கிலோமீட்டருக்கு 800. கேபிள் தாங்குவதே கிட்டத்தட்ட அவ்வளவுதான், பிறகு அனுப்ப என்ன மிஞ்சும்? டீசியில் ஒருமுறை நிரம்பினால் முடிந்தது. (அதற்காகக் கொத்மலையிலிருந்து கொழும்புக்கும் டீசி கேட்காதீர்கள். தரைக்கு மேல் 600 கிலோமீட்டராவது ஓடினால்தான் கன்வேர்ட்டர் ஸ்டேஷன் செலவு கட்டும்.)

பேச்சில் இருப்பது 500 மெகாவாட். நம்ம நீர்மின் நிலையங்களான விக்டோரியா 210, கொத்மலை 201, இரண்டும் சேர்ந்தே 411. அந்த 500உம் ஒரே நொடியில் அறுந்தால் விழுகிற ஃப்ரீக்வன்சியைப் பிடிக்க வேண்டியது நம்ம மலை டர்பைன்கள். அவை உடனே பிடிக்கும் என்று நினைப்பது தப்பு. டர்பைனுக்குத் தண்ணீர் விடும் கதவு திறந்த முதல் கணத்தில் குழாயின் அழுத்தம் விழுந்து பவர் குறையும்; மேலேயுள்ள தண்ணீர் வேகமெடுத்த பிறகே கூடும். 2025 பெப்ரவரி 9 ஞாயிறு பகல் நாடே இருண்டபோது, சப்ஸ்டேஷனில் பாய்ந்த குரங்கைப் பற்றித்தான் சிரித்தார்கள். அன்று சோலர் அதிகம், ஃப்ரீக்வன்சி சட்டென்று விழாமல் தாங்கும் சுழலும் மெஷின் குறைவு என்பதைப் பேசியவர்கள் கொஞ்சம்தான்.

ஆகவே தைரிஸ்டர் என்ற மின் சுவிட்சை வைத்த பழைய வகைக் கன்வேர்ட்டர் நமக்குச் சரிவராது. தைரிஸ்டரை நாம் ஓன் பண்ணலாம், ஓஃப் பண்ண கிரிட்டின் ஏசி வோல்டேஜ் வேண்டும். சித்திரை மாத இடி தலவாக்கலைப் பக்கம் ஒரு லைனில் விழுந்து வோல்டேஜ் பத்து வீதம் சரிந்தாலே கன்வேர்ட்டர் தடுமாறி, மின்சாரம் வருவது அந்தக் கணம் நின்றுவிடலாம். 500 மெகாவாட்டுக்கு 250, 300 மெகாவார் ரியாக்டிவ் பவரும் (வேலை செய்யாமல் ஏசியில் போய்வரும் பவர்) கேட்கும். நாமே ஓன், ஓஃப் இரண்டும் பண்ணக்கூடிய ஐஜிபிடி சுவிட்ச் வகையில் இந்தத் தொல்லை இல்லை. இருண்டு கிடக்கும் கிரிட்டைத் தானே எழுப்பவும் செய்யும். இழப்பு கொஞ்சம் கூடதான், பரவாயில்லை. தமிழ்நாட்டையும் கேரளாவையும் இணைக்கும் புகளூர்–திருச்சூர் லைனில் 2021 முதல் ஓடுவது இதுதான்.

அடுத்தது கேபிள். ப்ளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று என ஆளுக்கு 250 மெகாவாட் கொண்டுபோகும் இரண்டு கேபிள், திரும்பும் கரண்டுக்கு மூன்றாவதாக ஒரு கேபிள். செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டப்போவது இந்த மூன்றாவதைத்தான். அது இல்லாமல், ஏதோ ஒரு படகின் நங்கூரம் ஒரு கேபிளை அறுத்தால், கரண்ட் திரும்ப வழியில்லாமல் மற்றதும் நின்றுவிடும்; போவது 250 இல்லை, 500.