முதல் சைக்கிளுக்கும் கடைசி சைக்கிளுக்கும் நடுவே

ஆண்டுதோறும் நடக்கும் நெடுந்தூர சைக்கிள் பந்தயம் எதை எடுத்துக்கொண்டாலும், முடிந்த மறுவாரமே ஒரு பேச்சு கிளம்பிவிடும். "160 கிலோமீட்டர் நல்லபடியா முடிஞ்சது, அடுத்த வருஷம் 200 ஆக்கிடலாம்." கூடவே பரிசுத்தொகையை ஏற்றலாம், இன்னும் 100 பேரைச் சேர்க்கலாம் என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. முதல் ஆள் எத்தனை மணிக்கு முடிப்பார் என்பது அமைப்பாளர் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கடைசி ஆள் எப்போது வருவார், அதுவரை பாதையில் யார் யார் நிற்கப்போகிறார்கள் என்று கணக்குப் போட்டு வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. குளறுபடிகளில் பெரும்பங்கு அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

கணக்கு எளிது. முன்னணிக் கூட்டம் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகிறது, கடைசியில் வருபவர் 25-இல் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 160 கி.மீ. பாதையை முதலாமவர் 4 மணி நேரத்தில் முடிப்பார். கடைசியாள் முடிக்க 6 மணி 24 நிமிடம் ஆகும். முதல் ஆள் முடிவுக்கோட்டைத் தொடும்போது கடைசி ஆள் 100-ஆவது கிலோமீட்டரில் இருப்பார். அதாவது உங்கள் பந்தயம் அந்த நேரத்தில் 60 கி.மீ. நீளத்துக்குச் சிதறிக் கிடக்கிறது. இதையே 200 கி.மீ. ஆக்கினால் சிதறல் 75 கி.மீ., நேர இடைவெளி 3 மணி நேரம். தூரத்தில் கூடியது 40 கி.மீ. மட்டும்தான். ஆனால் ஆள், தண்ணீர், ஆம்புலன்ஸ், போக்குவரத்து நிறுத்தம் என்று எல்லாம் சேர்ந்து கூடுகிறது, அதுவும் எல்லோரும் களைத்துப்போயிருக்கும் நேரத்தில்.

முதலில் அடி வாங்குவது சந்திப்புகளில் நின்று வழிகாட்டும் மார்ஷல்கள். காலை 6 மணிக்குப் புறப்பாடு என்றால் 120-ஆவது கி.மீ. சந்திப்பில் முதல் வண்டி 9 மணிக்கு வரும், கடைசி வண்டி 10:48-க்கு வரும். அங்கே ஒரே ஆளைத் தனியாக நிறுத்தினால் என்ன ஆகும்? பெரிய கூட்டம் கடந்ததும் பத்து நிமிடம் யாரும் வரமாட்டார்கள். பந்தயம் முடிந்துவிட்டது என்று நினைத்து அவர் கிளம்பிவிடுவார், இல்லையென்றால் நிழல் தேடிப் போய்விடுவார். அடுத்து வரும் நான்கு பேர் தவறான சாலையில் திரும்புவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. சிறிய சந்திப்புக்குக்கூட இரண்டு பேர் வேண்டும், பெரிய சந்திப்புக்கு நான்கு பேர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு அட்டை இருக்க வேண்டும்: அந்த இடத்தின் கிலோமீட்டர் எண், வண்டிகள் திரும்ப வேண்டிய திசை, முதல் வண்டி வரக்கூடிய மிக முந்தைய நேரம், கடைசி வண்டி வரும் நேரம், கட்டுப்பாட்டு அறையின் எண். அட்டையின் அடியில் பெரிய எழுத்தில் ஒரே ஒரு கட்டளை: பச்சைக் கொடி கட்டிய கடைசி வண்டி கடக்கும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்து யாரும் கிளம்பக் கூடாது, கொடியைப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். மோட்டார் சைக்கிளில் மாறி மாறி முந்திச் சென்று சந்திப்புகளை அடைக்கும் மார்ஷல்கள் முன்னணிக் கூட்டத்துக்கு மட்டுமே உதவுவார்கள். இரண்டு மணி நேரச் சிதறலை அவர்களால் மூட முடியாது.

நகரும் சாலை அடைப்பு முறையிலும் இதே சிக்கல்தான். முன்னே சிவப்புக் கொடி வண்டி, பின்னே பச்சைக் கொடி வண்டி, நடுவே போக்குவரத்து கிடையாது. தொழில்முறைப் பந்தயத்தில் கூட்டம் பெரும்பாலும் சேர்ந்தே போவதால் இது எடுபடுகிறது. பலதரப்பட்டவர்கள் ஓட்டும் பந்தயத்தில் ஒரே அடைப்பை 60 கி.மீ.க்கு இழுத்தால் அது கிழிந்துவிடும். முன்னணிக்கு ஒன்று, நடுக்கூட்டத்துக்கு ஒன்று என்று இரண்டு அடைப்புகள் வையுங்கள். அவற்றுக்குப் பின்னால் தங்கிவிட்டவர்கள் சாலை விதிகளுக்கு உட்பட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்பதைப் புறப்பாட்டுக்கு முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அவர்களுக்குப் பின்னால், பாதையின் உண்மையான கடைசியில், பச்சைக் கொடியோடு கடைசி வண்டி வர வேண்டும். மார்ஷல் காத்திருக்க வேண்டியது இந்த வண்டிக்குத்தான்.

நேர வரம்பு வைப்பதை ஏதோ கொடுமை போலப் பேசுகிறார்கள். வைக்காமல் இருப்பதுதான் கொடுமை. குறைந்தபட்ச வேகம் 25 என்றால், 60-ஆவது கி.மீ.யை 2 மணி 24 நிமிடத்துக்குள்ளும், 110-ஆவது கி.மீ.யை 4 மணி 24 நிமிடத்துக்குள்ளும் கடந்தாக வேண்டும். இதைப் பதிவுப் படிவத்திலேயே அறிவித்தால் யாரும் சண்டை போடமாட்டார்கள். ஆனால் நிறுத்தப்பட்டவரை ஏற்றிக்கொள்ள வண்டி வேண்டுமே! ஆறு இருக்கை கொண்ட ஒரே வண்டியைக் கடைசியில் அனுப்புவது வழக்கமாக நடக்கும் தவறு. 300 பேரில் பத்தில் ஒருவர் விலகினால்கூட 30 பேர், 30 சைக்கிள். அந்த வண்டி 80-ஆவது கி.மீ.யிலேயே நிரம்பி, இறக்கிவிட்டு வரப் போய்விடும். அதன் பிறகு பாதையில் கடைசி வண்டி என்று எதுவுமே இருக்காது. ஏற்றிக்கொண்டு போக ஒரு பேருந்து, சைக்கிள்களுக்கு ஒரு லாரி, இவை தவிர எக்காரணம் கொண்டும் பாதையை விட்டு விலகாத ஒரு வண்டி என மூன்றும் தனித்தனியாக வேண்டும்.

அடுத்து, யார் எங்கே இருக்கிறார்கள் என்ற கணக்கு. இதில் சமரசமே கூடாது. 2024-இல் சூரிச்சில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பின் ஜூனியர் மகளிர் பந்தயத்தில் சுவிஸ் வீராங்கனை ம்யூரியல் ஃபூரர் காட்டுப்பகுதியில் விழுந்தார். நெடுநேரம் யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் இறந்துவிட்டார். உலகின் உச்சப் பந்தயத்திலேயே இது நடந்திருக்கிறது. ஜிபிஎஸ் கருவி வாங்க வசதியிருந்தால் ஒவ்வொருவருக்கும் கட்டாயமாக்குங்கள். இல்லையென்றால் 30 அல்லது 40 கி.மீ.க்கு ஒரு டைமிங் மேட் (யார் எப்போது கடந்தார் என்பதைத் தானாகப் பதியும் விரிப்பு) போடுங்கள். அதற்கும் வழியில்லையென்றால் எண்களைப் பார்த்துக் குறிக்க இரண்டு பேரை உட்கார வையுங்கள், ஒருவர் சொல்ல மற்றவர் எழுத. கணக்கு தொடங்குவது பதிவு செய்தவர்களின் எண்ணிக்கையிலிருந்து அல்ல, உண்மையில் புறப்பட்டவர்களின் எண்ணிக்கையிலிருந்து. விலகுபவர் எண் அட்டையைக் கழற்றி யாரிடமாவது ஒப்படைக்காமல் வீட்டுக்குப் போகக் கூடாது. ஒரு நிலையைக் கடந்தவர் அடுத்த நிலைக்கு வரவேண்டிய நேரத்துக்கு மேல் 20 நிமிடம் ஆகியும் வரவில்லையென்றால், தேட ஒரு மோட்டார் சைக்கிள் கிளம்பியிருக்க வேண்டும்.

ஆம்புலன்ஸ் இரண்டையும் முன்னணிக் கூட்டத்தின் பின்னால் ஓடவிட்டால் மீதி 60 கி.மீ. அம்போ என்று நிற்கும். ஒன்று முன்னணிக்குப் பின்னால், ஒன்று பாதையின் நடுவில் நிலையாக, ஒன்று கடைசி வண்டியோடு. ஒன்று மருத்துவமனைக்குப் போய்விட்டால் அந்த இடத்தை எது நிரப்பும் என்பதை முந்தின நாளே எழுதி வைத்திருக்க வேண்டும். மூன்றும் போய்விட்டால் பந்தயத்தை நிறுத்துங்கள். இதைச் சொல்லும் அதிகாரம் ஒரே ஒருவரிடம் இருக்கட்டும், அவர் விளம்பரதாரரோடு மேடையில் உட்காராமல் கட்டுப்பாட்டு அறையில் இருக்கட்டும்.

தண்ணீரைப் பொறுத்தவரை எல்லா நிலையத்துக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பதுதான் தவறு. காலை வெயில் ஏறாத நேரத்தில் முன்னணிக்காரர்கள் நிற்காமலே போய்விடுவார்கள். உச்சிவெயிலில் வரும் கடைசிக் கூட்டம்தான் நின்று இரண்டு பாட்டில் நிரப்பும். 300 பேருக்குத் தலா 750 மி.லி. வீதம் இரண்டு பாட்டில் என்றால் ஒரு நிலையத்துக்கே 450 லிட்டர். மொத்தத் தண்ணீரில் பாதியைப் பாதையின் கடைசி மூன்றில் ஒரு பங்குக்கு ஒதுக்குங்கள். நிலையம் ஏற்றத்தில் இருக்கட்டும், இறக்கத்தில் வேண்டவே வேண்டாம். மேசைகளுக்கு நடுவே 20 மீட்டர் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் எல்லோரும் முதல் மேசையில் முட்டிக்கொள்வார்கள். ஓடும் வண்டிக்கு பாட்டில் நீட்டுபவர் கூடவே ஓடக் கூடாது. ஆடாமல் நின்று, பாட்டிலின் மேல்பகுதியை விரல்நுனியில் பிடித்துக் கையை நீட்டினால் போதும்.

பாதை ஆய்வை சைக்கிளில் செய்யுங்கள், அதுவும் பந்தயம் நடக்கும் அதே கிழமையில், அதே நேரத்தில். காரில் போனால் வளைவில் கிடக்கும் மணலோ, சக்கரத்தின் திசையிலேயே கம்பி ஓடும் வடிகால் மூடியோ கண்ணில் படாது. 28 மி.மீ. டயர் அந்தக் கம்பி இடுக்கில் இறங்கினால் ஆள் முன்பக்கமாகத் தூக்கி எறியப்படுவார். ரயில்வே கேட் இருந்தால் முதல் வண்டிக்கான ரயில் நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள், இரண்டு மணி நேர இடைவெளியில் வரும் அத்தனை ரயில்களையும் பாருங்கள். 2006-இல் பிரான்ஸில் நடந்த பாரிஸ்–ரூபே பந்தயத்தில் மூடிய கேட்டைக் கடந்ததற்காக இரண்டாவது, மூன்றாவது, நான்காவதாக வந்த மூவருமே தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். உங்கள் விதிப்புத்தகத்திலும் அந்தத் தண்டனை இருக்க வேண்டும். கேட்டில் நின்ற நேரத்தை எப்படி ஈடுகட்டுவது என்பதும் அதிலேயே இருக்க வேண்டும்.

முடிவுக்கோட்டில் செலவழிக்கும் ஆர்வத்தைக் கொஞ்சம் அடக்கலாம். 2016 டூர் டி பிரான்ஸில் கடைசி கிலோமீட்டரைக் குறிக்கும் காற்றடைத்த வளைவு சரிந்து பிரிட்டிஷ் வீரர் ஆடம் யேட்ஸ் கீழே விழுந்தார். காற்று போனால் வளைவு சாலையில்தான் விழும். ஆகவே அதைச் சாலைக்குக் குறுக்கே வைக்காதீர்கள், ஓரத்தில் பலகை போதும். 2013-இல் அதே பந்தயத்தின் முதல் நாளில் ஒரு அணியின் பேருந்து முடிவுக்கோட்டு வளைவின் அடியில் சிக்கிக்கொண்டது. முடிவிடத்தை மாற்றுவதாகச் சொல்லி, பிறகு பழைய இடம்தான் என்று சொன்ன குழப்பத்துக்கு நடுவே வீரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். வளைவின் உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு எந்த வண்டியையும் உள்ளே விடாதீர்கள். கடைசி 300 மீட்டர் நேராகவும் இறக்கமில்லாமலும் இருக்கட்டும். பரிசளிப்பு மேடையைக் கோட்டிலேயே போட்டால் மாலை போடும் கூட்டத்துக்குள் கடைசி ஆட்கள் வந்து இடிப்பார்கள். 100 மீட்டராவது தள்ளிப் போடுங்கள். நேர வரம்புக்குள் வரும் கடைசி ஆள் கோட்டைக் கடக்கும்வரை டைமிங் மேட்டைச் சுருட்டக் கூடாது. ஆறு மணி நேரம் மிதித்து வந்தவருக்கு நேரம் பதிவாகாமல் போவதைவிடப் பெரிய அவமதிப்பு இல்லை.

பந்தயத்தை ஆண்டுக்கு ஆண்டு மேம்படுத்துவது என்றால் இந்தக் கணக்கைத் திருத்திக்கொண்டே போவதுதான். பாரிஸ்–ரூபேயில் 2024-இல் ஆரன்பெர்க் கல்பாதைக்கு முன் வேகத்தைக் குறைக்க ஒரு கூர்மையான திருப்பம் வைத்தார்கள். வீரர்களே கடுமையாக விமர்சித்தார்கள். 2025-இல் அதை எடுத்துவிட்டு வேறு பாதையில் திருப்பங்களை வைத்தார்கள். உங்கள் பந்தயத்திலும் முடிந்த 48 மணி நேரத்துக்குள் ஒவ்வொரு மார்ஷலிடமும் மூன்றே கேள்விகள் கேளுங்கள்: முதல் வண்டி எப்போது வந்தது, கடைசி வண்டி எப்போது போனது, நடுவில் என்ன நடந்தது. வந்த பதில்களைக் கிலோமீட்டர் வரிசையில் ஒரே அட்டவணையில் ஏற்றுங்கள். அடுத்த ஆண்டு 40, 25 என்ற உத்தேச வேகங்கள் தேவைப்படாது, உங்கள் பாதையின் உண்மையான நேரங்களே கையில் இருக்கும்.

அந்த மூன்று கேள்விகளோடு கூடவே, அதே சந்திப்பில் அடுத்த ஆண்டும் நிற்க முடியுமா என்று கேட்டுவிடுங்கள். எந்தச் சந்திலிருந்து லாரி வரும், எந்த இடத்தில் செல்போன் சிக்னல் கிடைக்காது என்பது ஒருமுறை நின்றவருக்குத் தெரியும். புதியவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க அரை நாள் ஆகும். சாப்பாட்டையும் தண்ணீரையும் அவர் நிற்கும் இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுங்கள், திரும்பி வர வண்டி அனுப்புங்கள். நிதி குறைவாக இருந்தால் பதக்கத்தின் எடையைக் குறையுங்கள், இந்தச் செலவில் கை வைக்காதீர்கள்.