புதுப்பிக்காத பழைய கார்களுக்கு மதிப்பில்லை என்பது தவறு

பழைய கார் எதுவானாலும் சாயத்தைச் சுரண்டி, இருக்கைத் தோலை மாற்றி, முழுமையாகப் புதுப்பித்தால்தான் பரிசும் நல்ல விலையும் கிடைக்கும் என்று பரவிவரும் கருத்து உண்மையல்ல. கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் நடைபெறும் புகழ்பெற்ற கார் அழகுப் போட்டியில் 2024இல் முதற்பரிசை வென்றது, ஒருகாலத்தில் பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டிடம் இருந்த, புதுப்பிக்கப்படாத 1934ஆம் ஆண்டு புகாட்டி டைப் 59 ஆகும். பல பத்தாண்டுகளாக அப்பரிசு பளபளப்பாகப் புதுப்பிக்கப்பட்ட கார்களுக்கே சென்றதால் இந்தத் தவறான எண்ணம் வேரூன்றியிருக்கலாம்.

விலையிலும் இதே நிலைதான். பிரான்சில் ஒரு பண்ணைக் கொட்டகையில் தூசி படிந்து கிடந்த ஃபெராரி 250 ஜிடி கலிபோர்னியா ஸ்பைடர், 2015இல் பாரிஸ் ஏலத்தில் 1.6 கோடி யூரோவுக்கும் மேல் விலைபோனது.

தொழிற்சாலையில் பூசிய சாயமும் போட்ட தையலும் அக்காலக் கைவினைக்கு நேரடிச் சான்றுகள். அகற்றிவிட்டால் அவற்றை எவராலும் மீட்க முடியாது என்பதையும், புதுப்பிப்பவர்களே சரியான நிறத்தையும் பொருத்தும் முறையையும் அறிய இத்தகைய கார்களைத்தான் நாடுகிறார்கள் என்பதையும் உரிமையாளர்கள் அவசியம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் சட்டகமே துருவால் அரிக்கப்பட்ட காருக்குப் புதுப்பித்தலே சரியான வழி. டயர், பிரேக் குழாய் போன்றவற்றை எந்தக் காரிலும் பாதுகாப்புக்காக மாற்றியே ஆகவேண்டும்.