பொன்னுக்கு வீங்கிக்குக் கழுதைக் கடிவாளம்

1937-ல் அயர்லாந்தின் நாட்டாரியல் ஆணையம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தது. வீட்டிலும் பக்கத்திலும் இருக்கும் பெரியவர்களிடம் கேட்டு ஊர்க்கதை, பேய்க்கதை, கை வைத்தியம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வர வேண்டும். இரண்டு வருடத்தில் சுமார் 50,000 பிள்ளைகள் எழுதினார்கள். இன்றைக்கு இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம்.

அதில் எனக்குப் பிடித்ததே யாரும் சலித்து எடுக்காததுதான். இருமலுக்குக் காராகீன் கடற்பாசியைப் பாலில் கொதிக்க வைத்துக் குடிப்பது, வெட்டுக்காயத்தில் சிலந்தி வலையை வைத்து அழுத்துவது, மருவுக்குக் கல் குழியில் தேங்கிய மழைத்தண்ணீர். பொன்னுக்கு வீங்கி வந்தால் கழுதையின் கடிவாளத்தைப் பிள்ளைக்கு மாட்டி ஓடைக்குக் கூட்டிப் போக வேண்டும். கக்குவான் இருமலுக்கோ வெள்ளைக் குதிரையில் வருகிறவரை நிறுத்தி மருந்து கேட்டு, அவர் வாயில் என்ன வருகிறதோ அதைச் செய்ய வேண்டும். படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும், அந்தக் காலத்தில் கக்குவான் பிள்ளைகளைக் கொன்ற நோய், டாக்டரிடமும் அதற்குச் சரியான மருந்து கிடையாது. கண்ணெதிரே பிள்ளை மூச்சுக்குத் திணறும்போது எந்தத் தாய் வழியில் போகிற குதிரைக்காரரைக் கேட்காமல் இருப்பாள்?

அப்புறம் போஹோ மண். வட அயர்லாந்தில் ஃபெர்மனா பகுதியில் இருக்கிற சின்ன ஊர் அது. 1815-ல் இறந்த ஜேம்ஸ் மக்கிர் என்ற பாதிரியாரின் கல்லறை மண் நோயைத் தீர்க்கும் என்று நம்பி, அதைத் துணியில் முடிந்து தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கிவிட்டு, பிறகு கொண்டுபோய் அங்கேயே போட்டுவிடுவார்கள். 2018-ல் ஆராய்ச்சியாளர்கள் அந்த ஊர் மண்ணில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை பாக்டீரியா ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பல மருந்துகளுக்கு அடங்காத சில கிருமிகளை அது ஆய்வகத் தட்டில் தடுத்தது. உடனே "முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை" என்று பகிரத் தொடங்கிவிட்டார்கள். முட்டாள்கள் இல்லைதான், ஆனால் தட்டில் நடந்தது மனித உடம்பில் நடந்ததாக ஆகாது. மண்ணைப் புண்ணில் அப்பினால் டெட்டனஸ் வரலாம்.

அதற்காக அந்த வழக்கத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடவும் என்னால் முடியாது, அது நினைவில் இருந்ததால்தானே அங்கே போய்த் தேடவே தோன்றியது. எழுதி வைப்பதை முதலில் செய்யுங்கள், எது வேலை செய்யும் என்று சோதிப்பதை அதற்குரியவர்கள் செய்யட்டும். கடற்பாசிப் பாலைத் தாராளமாகக் குடியுங்கள். கக்குவானுக்கு இப்போது தடுப்பூசி இருக்கிறது, பிள்ளைக்குப் போட்டுவிடுங்கள்.